லட்டு யாரோடு போக வேண்டும்?

கேள்வி, சுருக்கமாக: "நானும் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரியப் போகிறோம். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. நகை, பணம், வீட்டுக் கடன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஆறு வயது லாப்ரடார் லட்டுவும் இரண்டு பூனைகளும்தான் பாக்கி. லட்டுவை வாங்கியது அவர் பணத்தில். மாநகராட்சி லைசென்ஸ் என் பெயரில். அவர் மடிப்பாக்கத்தில் சொந்த வீட்டில் அவருடைய அம்மாவோடு இருப்பார். நான் வேளச்சேரியில் இரண்டாம் மாடி வாடகை ஃபிளாட்டுக்குப் போகிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழுக்குத்தான் வருவேன். கோர்ட்டுக்குப் போனால் லட்டு எனக்குக் கிடைக்குமா?"

கிடைக்கலாம். ஆனால் கோர்ட் அதைச் சொல்லி முடிப்பதற்குள் லட்டுவுக்கு ஒன்பது வயதாகிவிடும். லாப்ரடாரின் ஆயுளே பத்து, பன்னிரண்டு வருடம்தான். பாதி ஏற்கெனவே போய்விட்டது. மீதியில் பாதியை வாய்தாவில் கழிக்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது.

நான் பத்தொன்பது வருடமாகச் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். ஆரம்பத்தில் நாய்ப் பிரச்சினை வந்தால் ஜூனியர்கள் எல்லாரும் சிரிப்போம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும், வேண்டும் என்று ஏங்கிக் கிடைக்காதவர்களும் அந்த ஜீவனை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்த பிறகு சிரிப்பு வராது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணந்தவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவு குழந்தைகளின் பொறுப்பைப் பற்றியது. அங்கே 'குழந்தையின் நலனே முதன்மை' என்ற அளவுகோலை வைத்து நீதிபதி முடிவெடுப்பார். லட்டு அந்தப் பிரிவுக்குள் வராது. லட்டுவை நீங்கள் 'மகனே' என்று கூப்பிட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது அசையும் சொத்து. ஃபிரிட்ஜ், பைக், சோபா செட் இருக்கும் அதே வரிசையில்தான் இருக்கிறது. 27ஆம் பிரிவு கல்யாணத்தின்போதோ அதையொட்டியோ இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றிப் பேசுகிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து வந்த நாய் அதிலும் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறுகளையும் அந்த நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது. அந்தக் கதவு வழியாக மனு போடலாம்.

இந்த இடத்தில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பை எடுத்துப் போடுவார்கள். "2014இல் சுப்ரீம் கோர்ட்டே விலங்குகளுக்கு உரிமை உண்டு என்று சொல்லவில்லையா, சார்?" சொன்னது உண்மைதான். பசி, பயம், வலி இவற்றிலிருந்தெல்லாம் விலங்குக்கு விடுதலை வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விரிவாகவே பேசியது. ஆனால் 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தைச் செல்லும் என்றபோது, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல மறுத்துவிட்டது. அதனால் 'நாயின் நலன்' என்ற வாதத்தை நீதிபதி முன் வைக்கலாம், அவர் கனிவோடு கேட்கவும் கேட்பார். அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று அவரை நிர்ப்பந்திக்கும் பிரிவு எதுவும் நம் கையில் இல்லை.

சொத்து என்றால் யாருடையது என்று நிரூபிக்க வேண்டும். ரசீது அவரிடம், லைசென்ஸ் உங்களிடம். இதில் எது கனமானது? வாங்கிய ரசீதுக்கு எடை அதிகம் என்பதுதான் பொதுவான பதில். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். அவர் வாங்கி உங்களுக்குக் கொடுத்தாரா? பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ கூடையில் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தாரா? அப்படியானால் அது அன்பளிப்பு. மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்பு அவருடைய ஸ்ரீதனம். அதன் மேல் கணவருக்கு உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 1985இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்ரீதனம் என்றதும் நகை, பாத்திரம் என்று மட்டும் நினைக்கிறோம். அப்பா கொடுத்த கறவை மாடு ஸ்ரீதனம் என்றால் கணவர் கொடுத்த நாய்க்குட்டியும் அதுதான். அந்த நாளின் போட்டோ, 'ஹேப்பி பர்த்டே, உன் லட்டு வந்தாச்சு' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இவை இருந்தால், மாநகராட்சிக் காகிதத்தை விட அவை பெரிய ஆதாரம். போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இதே கத்தி திரும்பியும் வெட்டும். சண்டை உச்சத்தில் இருந்தபோது நீங்கள் 'உன் நாயை நீயே கட்டிட்டு அழு' என்று எழுதியிருந்தால் அதுவும் எதிர்த்தரப்புக் கோப்பில் இருக்கும். நான் பார்த்த ஒரு வழக்கில் அந்த ஒரே வரிதான் மனுவின் முதல் பக்கத்தை அலங்கரித்தது.

மற்றபடி, தடுப்பூசிப் புத்தகத்தில் யார் பெயர், டாக்டருக்கு யார் ஜீ-பே செய்தது, வேப்பேரி கால்நடை மருத்துவமனைச் சீட்டில் கொண்டுவந்தவர் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது, கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் அது யார் பெயரில், தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் யார் எண்ணோடு பதிவாகியிருக்கிறது, இவை எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். சென்னை மாநகராட்சி லைசென்ஸுக்குக் கட்டணம் வெறும் ஐம்பது ரூபாய். 2025 கடைசியில், லைசென்ஸ் இல்லாவிட்டால் ஐயாயிரம் அபராதம் என்று அறிவித்த பிறகுதான் பலர் அவசர அவசரமாக எடுத்தார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் மதிப்பு கொஞ்சம் கூடும். பிரியலாம் என்று பேச்சு வந்த பிறகு எடுத்தது என்றால் ஒரு தம்படிக்கும் ஆகாது, உங்கள் மேல் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

காகிதம் கைகொடுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வேடிக்கை. 2020இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடாரை இரண்டு பேர் என்னுடையது, உன்னுடையது என்று அடித்துக்கொண்டார்கள். போலீஸார் கடைசியில் டி.என்.ஏ. பரிசோதனைக்கே அனுப்பினார்கள். முதலில் புகார் கொடுத்தவருடைய நாய்தான் என்று முடிவு வந்தது. உங்கள் விஷயத்தில் அது உதவாது. லட்டு யாருக்குப் பிறந்தது என்பது இங்கே பிரச்சினையே இல்லை.

"நாயை நடுவில் விட்டு யாரிடம் ஓடுகிறது என்று பார்ப்பார்களா?" என்றும் கேட்பார்கள். மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்த ஊர் அல்லவா. லாப்ரடாரை நடுவில் விட்டால் அது கோர்ட் டவாலியிடம் ஓடும், அவர் சட்டைப்பையில் பிஸ்கட் இருந்தால்.

சரி, நாய்க்கு விலை வைத்துப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று எதிர்த்தரப்பு சொன்னால்? அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. குறிப்பிட்ட பொருளையே திருப்பித் தரவேண்டும் என்று கேட்க, 1963ஆம் வருடத்துக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 7, 8 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. பணம் கொடுத்தால் ஈடாகாத பொருள் என்றால் பொருளையே ஒப்படைக்கச் சொல்லலாம். ஆறு வயது லாப்ரடாரைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள், விலை பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் நம் வாதமே: விலையே இல்லாத ஒன்றுக்காக இரண்டு பேர் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள் என்றால் அது பணத்தால் ஈடுகட்ட முடியாத பொருள்தானே. சட்டப்படி ஓடக்கூடிய குதிரை இது. ஆனால் மெதுவாக ஓடும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொன்னதற்குக் காரணம், நீங்கள் பேச்சு மேசையில் உட்காரும்போது உங்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சீட்டைக் கோர்ட்டில் இறக்குவதற்காக அல்ல.

வெளிநாடுகளில் இது எப்படி என்று ஒரு பார்வை பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஸ்பெயினில் 2022 ஜனவரி முதல் செல்லப்பிராணி பொருள் அல்ல, உணர்வுள்ள உயிர். விவாகரத்தில் அதன் நலனைப் பார்த்தே யாரிடம் என்று நீதிபதி சொல்ல வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் சுவிட்சர்லாந்தில் 2003இலிருந்தே, விலங்குக்கு எது நல்ல இடமோ அந்தத் தரப்புக்குத் தனியுரிமை. கலிஃபோர்னியாவில் 2019 முதல் பராமரிப்பைப் பார்த்து ஒருவருக்கோ இருவருக்கும் சேர்த்தோ கொடுக்கலாம். ஆனால் கவனியுங்கள்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2024இலும் ஆஸ்திரேலியா 2025 ஜூனிலும் புதுச் சட்டம் கொண்டுவந்தபோது, யார் பார்த்துக்கொண்டார்கள், வீட்டில் வன்முறை இருந்ததா, விலங்கைத் துன்புறுத்தினார்களா என்றெல்லாம் பார்க்கச் சொல்லிவிட்டு, 'மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்' என்று கோர்ட் உத்தரவு போட முடியாது என்றும் சேர்த்தார்கள். தம்பதிகள் தாங்களாகப் பேசி வைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டிஷ் கொலம்பியாவின் அந்தச் சட்டம் உங்கள் ஒன்டாரியோவுக்குப் பொருந்தாது. அங்கே நாய் இன்னும் சொத்துதான்.

பகிர்ந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கோர்ட் திணிக்க முடியாதபடி அந்த இரண்டு சட்டங்களும் ஏன் தடுத்தன என்பதை என் அனுபவத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது. நாயை ஞாயிற்றுக்கிழமை தோறும் கைமாற்றுவது, பிரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டருகே சந்தித்துக்கொள்வதற்கு நல்ல பெயர். முதல் மாதம் லீஷ் கைமாறும். மூன்றாவது மாதம் 'ஏன் இளைச்சிருக்கு' என்ற கேள்வி வரும். ஆறாவது மாதம் புதிதாக ஒருவர் கூட வந்து காரில் உட்கார்ந்திருப்பார். குழந்தை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு வயது வரை அதைச் செய்தே ஆக வேண்டும். நாய்க்காகச் செய்ய வேண்டுமா என்று இருவரும் தனித்தனியாக யோசியுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுத் தாண்டிப்போன ஆளிடம் வருகிறேன். உங்கள் மாமியார்.

ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு தம்பதி. பெயர், ஊர் வேண்டாம். சமரச மையத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஹைகோர்ட் வளாகத்தில் 2005இலிருந்து நடக்கிற மையம் அது. நாட்டில் கோர்ட்டோடு இணைந்து வந்த முதல் சமரச மையம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கணவர் தடிமனான ஒரு ஃபைல் கொண்டுவந்திருந்தார்: மருத்துவ பில், தீனி பில், நாய்க்கு வாங்கிய கூலர் பில்கூட. மனைவி போனில் ஆயிரத்துக்கு மேல் போட்டோ. இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். சமரசர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு மாத்திரை எப்படிக் கொடுப்பீங்க?" என்றார்.

கணவர், "வாயைத் திறந்து போடுவோம்" என்றார். மனைவி, "தயிர் சாதத்துல வெச்சு" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரின் அம்மா, கதவு பாதி திறந்திருந்ததால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "தயிர் சாதத்துல வெச்சா சாதத்தை நக்கிட்டு மாத்திரையைத் தட்டோட ஓரத்துல துப்பி வெச்சிடும்மா. இட்லியைச் சூடா பிட்டு நடுவுல வெச்சு, ஒண்ணு வெறும் இட்லி, அடுத்தது மாத்திரை இட்லி, உடனே மூணாவதை நீட்டணும். மூணாவதைப் பார்த்த அவசரத்துல ரெண்டாவதை முழுங்கிடும்."

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் ஃபைலைத் திறக்கவில்லை. நாய் அந்த அம்மாவிடமே இருந்தது. மனைவி சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அப்புறம் வேலை மாறி பெங்களூரு போனார், வருவது நின்றது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. ஒருநாள் என் ஆபீசில் உட்கார்ந்து அழுதார். நாய்க்காக மட்டும் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் பகல் பத்து மணி நேரம் லட்டு யாரோடு இருக்கிறது? நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் வெளியே விடுவதும், இடி இடித்தால் சேலைத் தலைப்புக்குள் ஒளியவைப்பதும் மாமியார்தான் என்றால், உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் லட்டு உங்கள் கணவரை மட்டும் பிரிந்து வருவதில்லை. பகல் முழுக்க உடனிருந்த ஆளையும் பிரிந்து, காலை எட்டரையிலிருந்து ராத்திரி ஏழு வரை தனியாகக் கிடக்கும். லாப்ரடார் தனிமை தாங்குகிற ஜாதி இல்லை. கதவைப் பிறாண்டும், செருப்பைக் கடிக்கும், முன்னங்காலைப் புண்ணாகும் வரை நக்கிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். போதாததற்கு இரண்டாம் மாடி. லாப்ரடாருக்கு வயதாக ஆக இடுப்பு மூட்டுதான் முதலில் போகும். லிஃப்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

நான் உங்களுக்கு எதிராகப் பேசுவதுபோல் இருக்கும். அப்படி இல்லை. மாமியார் லட்டுவை மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்டு இரண்டு வேளை தட்டை மட்டும் தள்ளுகிறவர் என்றால் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். ஐந்தரை மணிக்கு எழுந்து நடக்கக் கூட்டிப்போவது நீங்கள் மட்டும்தான் என்றால் அப்போதும் தலைகீழ். பகலில் ஆள் வைக்கவோ, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவோ முடியுமென்றால் கணக்கு மாறும். இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். யார் பெயரில் காகிதம் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை லட்டுவின் பக்கத்திலிருந்து, காலை முதல் ராத்திரி வரை, மணி வாரியாக எழுதிப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனித் தாள். கணவரையும் எழுதச் சொல்லுங்கள். என் கட்சிக்காரர்களில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் என்னிடம் நாய் விஷயத்தைத் திரும்பப் பேசவே இல்லை.

பூனைகள் விஷயம் சுலபம். பூனை ஆளை விட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி. சொந்த வீடு, மொட்டை மாடி, மதில் எல்லாம் மடிப்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் படுத்து ஒன்றையொன்று நக்கிக்கொள்கிற ஜோடி என்றால் ஆளுக்கு ஒன்று என்று தயவுசெய்து பிரிக்காதீர்கள். நியாயமாகத் தோன்றும், ஆனால் மோசமான பாகப்பிரிவினை. இரண்டும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, உங்கள் மடியைத் தவிர வேறெங்கும் போகாதவை என்றால் நீங்களே எடுத்துப் போகலாம். பகல் தனிமை லட்டுவை வதைக்கிற மாதிரி பூனையை வதைக்காது. போன முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்திருங்கள், ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். வார இறுதிக்கு மட்டும் கூடையில் போட்டு அனுப்பும் யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள்.

யாரோடு என்று முடிவானதும் அதை எழுத்தில் போடுங்கள். பரஸ்பர சம்மத மனு போடுவதற்கு முன்பே ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு சொல்கிறது. மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதிலிருந்து எல்லாரும் முதல் நாளே அதற்குத்தான் மனு எழுதச் சொல்கிறார்கள். நாய் இருக்கிற வழக்கில் நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். அது இலவசமாகக் கிடைக்கிற ஒத்திகைக் காலம். லட்டு உங்கள் ஃபிளாட்டில் இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். சாப்பிடுகிறதா, ராத்திரி தூங்குகிறதா, உங்களுக்குத் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். தாங்கவில்லை என்றால் இறுதி மனுவில் திருத்திக்கொள்ளலாம். தீர்ப்பு வந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி மனைவியிடம் இருக்கும்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள் சில வக்கீல்கள். போதாது. நிறம், வயது, மைக்ரோசிப்பின் பதினைந்து இலக்க எண் போட்டு இன்ன நாய் என்று அடையாளம் சொல்ல வேண்டும். உரிமை முழுவதும் ஒருவருக்கு, லைசென்ஸை இத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று இருக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் செலவு யாருடையது, முடிவு யாருடையது? வைத்திருப்பவர் துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ போகும்படி ஆனால், வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன் மற்றவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற ஷரத்து கட்டாயம் வேண்டும். நான் பார்த்த மிக மோசமான மனக்கசப்பு இந்த ஒரு வரி இல்லாததால் வந்தது. நாயை யாரோ தெரியாத ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் மற்றவருக்குத் தெரிந்தது. லட்டு நோய்வாய்ப்பட்டால், இறந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள். எழுதும்போது கை நடுங்கும், எழுதுங்கள்.

வந்து பார்க்கும் உரிமையை எழுதலாம். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நாயையே ஒப்படைக்க மறுத்தால், தீர்ப்பாணையில் இருக்கும்பட்சத்தில் நிறைவேற்று மனு போட்டு வாங்கலாம். 'ஞாயிறு நாலு மணிக்குக் காட்டவில்லை' என்று நிறைவேற்று மனு போட்டு ஜெயித்த யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதி இருவரின் நல்ல மனதை நம்பித்தான். அதனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வைத்துவிடுவது நல்லது. ஆறு மாதம் போதும்.

செலவைப் பற்றி. ஜீவனாம்சப் பேச்சு முடிந்துவிட்டது என்கிறீர்கள். லட்டு உங்களோடு வருவதாக இருந்தால் அதன் செலவையும் கணக்கில் சேர்த்தீர்களா? 2023இல் மும்பை பாந்த்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு. ஐம்பத்தைந்து வயதுப் பெண், அவரோடு மூன்று ராட்வைலர் நாய்கள். நாய்களுக்கு நான் ஏன் படியளக்க வேண்டும் என்று கணவர் தரப்பு கேட்டது. செல்லப்பிராணிகளும் கண்ணியமான வாழ்க்கையின் ஒரு பகுதிதான், உறவு உடைந்த வெறுமையை அவை நிரப்புகின்றன என்று சொல்லி, மாதம் ஐம்பதாயிரம் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். கீழமை நீதிமன்ற உத்தரவு, வேறு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேச்சு மேசையில் எடுத்து வைக்கலாம்.

உங்கள் கேள்வியில் சச்சரவு தெரிந்தது, வன்முறை தெரியவில்லை. அது இருக்கிற வீட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 'நீ போனா நாயை விஷம் வெச்சுக் கொல்லுவேன்' என்பது வெறும் கோபப் பேச்சு இல்லை, குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் மனரீதியான கொடுமைக்குள் அது வரும். பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போது நாயையும் சேர்த்துக் கேளுங்கள், உங்களுக்குரிய பொருளைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் அந்த மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை, இரண்டு டீ, இரண்டு பஜ்ஜி காசு. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு, அதைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

கடைசியாக, செய்யக்கூடாத ஒன்று. அவர் ஊரில் இல்லாத நாள் பார்த்து லட்டுவை ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவரும் செய்யக்கூடாது. ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அதுவரை சுமுகமாக இருந்த நகைப் பேச்சும் கடன் பேச்சும் அன்றைக்கே உடையும். சம்மத மனுவில் ஒருவர் கடைசி நாள் வரை சம்மதத்தை வாபஸ் வாங்க முடியும். ஒரு நாயால் வாபஸ் ஆன மனுவை நான் என் கையாலேயே தாக்கல் செய்திருக்கிறேன்.

லட்டு எந்த வீட்டுக்குப் போவதாக முடிவானாலும், கூடவே அதன் பழைய போர்வையையும் தட்டையும் அனுப்புங்கள். போர்வையைத் துவைக்காதீர்கள். இரண்டு வீட்டு வாசனையும் அதில் இருக்கும், முதல் சில ராத்திரிகள் அது அதில்தான் தூங்கும்.